யாரும் சுரண்டாத ஐஸ்

காலில் பிளைவுட் பலகையைக் கட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது பெரிய வண்டி ஒன்று வந்து நின்றது. அல் ஐன் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, யார் கண்ணிலும் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் அது. வண்டியிலிருந்து கந்தூரா என்ற நீண்ட வெள்ளை அங்கி உடுத்திய அரபுப் பெரியவர் ஒருவர் இறங்கினார். எங்கள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார்.

“உங்களுக்கு என்ன ஆயிற்று?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“பனியில் நடக்கப் பழகுகிறோம்” என்றேன்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மணல். வண்டிக்குப் போய் மூன்று தண்ணீர் பாட்டில்களை எடுத்து வந்து எங்கள் கையில் கொடுத்தார். “வெயிலில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள், பிள்ளைகளே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஜனவரி மாதம், காலை எட்டு மணி. வெயிலே இல்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நான்தான். அஜ்மானில் குடியிருந்து துபாயில் ஒரு கட்டுமான கம்பெனியில் காகிதங்களை அடுக்கி வைக்கும் வேலை எனக்கு. தினமும் போக வர மூன்று மணி நேரம் கார் ஓட்டுவதுதான் நான் செய்யும் ஒரே உடற்பயிற்சி. ஒருநாள் டீக்கடையில் செல்வம் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். செல்வம் புதுக்கோட்டைப் பக்கம்; சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருக்கிறான்; சாரம் கட்டும் குழுவுக்கு ஃபோர்மேன். வீடியோவில் ஒரு நீர்வீழ்ச்சி விழுந்த வாக்கில் அப்படியே உறைந்து நின்றது. கிர்கிஸ்தானாம்.

“இதென்ன பெரிய விஷயம், நான் மலையேறினவன்டா. காலேஜ் படிக்கும்போதே கொல்லிமலை உச்சி வரைக்கும் போயிருக்கேன். கூட்டிட்டுப் போறேன் வா” என்றேன். போனது பஸ்ஸில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

எங்களுடன் டீ குடித்துக்கொண்டிருந்த சாகுல் பாய்தான் சிரித்தார். அதிராம்பட்டினத்துக்காரர். ஷார்ஜாவில் ஒரு குளிர்கிடங்கில் வேலை. கோழியும் மீனும் பச்சைப் பட்டாணியும் மைனஸ் இருபதில் மலைமலையாகக் கிடக்கும் இடம். பெட்டிகளை அடுக்குவதும், தரையிலும் கதவிலும் குழாய்களிலும் படியும் ஐஸைச் சுரண்டுவதும் அவர் டூட்டி.

“காசு குடுத்துக் குளிர்ல நிக்கவா? எனக்கு மாசாமாசம் அவங்க காசு குடுத்து நிக்க வைக்கிறாங்கண்ணே” என்றார்.

ஆனால் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வீடியோவை இரண்டாம் முறை பார்த்தார், மூன்றாம் முறை பார்த்தார்.

“இதை யாரு சுரண்டுவா?” என்று கேட்டார்.

“யாரும் சுரண்ட மாட்டாங்க பாய். அது பாட்டுக்கு நிக்கும். வெயில் வந்தா தன்னால உருகிடும்” என்றான் செல்வம்.

பாய் போனைச் செல்வத்திடம் நீட்டினார். பிறகு, “பதினாறு வருசமா நான் பாத்ததெல்லாம் சுரண்டுற ஐஸு. சுரண்டிட்டு வெளிய வந்தா மறுநாள் அங்கயே நிக்கும். பிப்ரவரி கடைசியில விசா கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போறேன். அதுக்கப்புறம் நான் எங்க ஐஸைப் பாக்கப் போறேன்? ஒரே ஒரு தடவை, கையில சுரண்டுற கரண்டி இல்லாம, முன்னாடி போயி சும்மா நின்னு பாக்கணும்ணே” என்றார்.

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எட்டு வருடப் பழக்கத்தில் என்னிடம் அவர் கேட்ட முதல் விஷயமும் அதுதான். “கவலையை விடுங்க பாய், உங்களைக் கொண்டுபோய் அது முன்னாடி நிறுத்துறது என் பொறுப்பு” என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டேன். இந்த நெஞ்சைத் தட்டும் பழக்கம் எனக்கு என்றைக்கு விடுமோ தெரியவில்லை.

குளிருக்கான உடுப்பு பாய் உபயம். கிடங்கில் கழித்துப்போட்ட ஃபிரீசர் ஜாக்கெட் மூன்றை மேனேஜரிடம் சொல்லி வாங்கி வந்தார். கருநீல நிறம், நெஞ்சிலும் முதுகிலும் ஒளிரும் பட்டை, எவ்வளவு துவைத்தும் போகாத மீன் வாடை. கூடவே தலையணை மாதிரி தடித்த நீலக் கையுறைகள். ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டேன். கையுறை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாலில் தள்ளுபடியில் போட்டிருந்த தோல் கையுறை ஒன்றை வாங்கினேன். போட்டோவில் கை நன்றாக விழவேண்டும் அல்லவா?

“அது கார் ஓட்டப் போடுறதுண்ணே” என்றார் பாய்.

“மலைக்குப் போறவங்க இதைத்தான் போடுவாங்க பாய்” என்று அடித்துவிட்டேன்.

பாய் கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய வழக்கம். குளிர்கிடங்குக்குள் எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்களாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவருக்கொருவர் விரலைத் தொட்டுக் காட்டவேண்டும். சுண்டுவிரலைக் கட்டைவிரல் எட்டவில்லை என்றால் கை செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே வெளியே. ஒருவர் வெளியே போனால் ஜோடியும் கூடவே போகவேண்டும். தனியாக ஒரு நிமிடம்கூட உள்ளே நிற்கக்கூடாது. இதைச் செய்து செய்து, ஆகஸ்ட் மாத வேர்வையிலும் டீக்கடையில் உட்கார்ந்து விரலைத் தொட்டுக்கொண்டிருப்பார் மனிதர்.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் விமான நிலையத்தில் இறங்கிய பத்தாவது நிமிடம், ஒரு பாட்டி தன் பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டி வழி காட்டினார். நான் விழித்தேன். ஒரே மாதிரி ஜாக்கெட், ஒளிரும் பட்டை. எங்களைச் சுமை தூக்குபவர்கள் என்றே முடிவு செய்துவிட்டார். செல்வம் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் டாக்ஸியில் ஏற்றிவிட்டு வந்தான். பாட்டி அவன் கன்னத்தைத் தட்டி, ஜேபியில் ஏழெட்டு வெள்ளை உருண்டைகளைப் போட்டுவிட்டுப் போனார்.

“சீடைண்ணே!” என்று ஒன்றைக் கொடுத்தான். நானும் சீடை என்று நம்பி ஆசையாகக் கடித்தேன். பல் ஆடியது. உப்பில் ஊறவைத்த சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு ருசி. தயிரை உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்ததாம். பாய் மட்டும் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, “மோர் மொளகாய்ல மொளகாயை எடுத்துட்டா இதான்” என்று மணிக்கணக்காகச் சப்பிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்துக்குப் போன மினிபஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கினார், பயணிகள் இறங்கினார்கள். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். பட்டை போட்ட ஜாக்கெட் செய்த வேலை. வண்டி ரிப்பேர் பார்க்கும் ஆட்கள் பஸ்ஸிலேயே இருக்கிறார்களே என்ற நிம்மதி அத்தனை முகங்களிலும் தெரிந்தது. வேறு வழியில்லாமல் நாங்கள் வண்டியின் பின்னால் போய்த் தள்ள, ஊரே எங்களோடு சேர்ந்து தள்ளியது. டிரைவர் “தவாய், தவாய்!” என்று கத்தினார். “கெளம்புன்னு அரபில யல்லா சொல்ற மாதிரி இங்க தவாய்னு சொல்றாங்கண்ணே” என்று செல்வம் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு அவனுக்கு அந்த ஊர் மொழி முழுவதும் வந்துவிட்டது போல ஒரு தெம்பு.

அன்றைக்குத் தங்கிய வீட்டில் ஆட்டுக்கறியும் கையால் இழுத்த நூடுல்ஸும் மிதக்கும் ஒரு குழம்பு. பாய் சலாம் சொன்னதும் வீட்டுக்கார அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு; இறைச்சியில் நல்ல துண்டெல்லாம் அவர் தட்டுக்கே போயின. பிறகு கிண்ணத்தில் பாலில்லாத டீ வந்தது. அரைக் கிண்ணம்தான். “என்னண்ணே, இவ்ளோ கஞ்சமா இருக்காங்க” என்று செல்வம் முனகினான். ஒரு திர்ஹம் டீயையே தளும்பத் தளும்ப வாங்கிக் குடித்த ஆள் நான். கிண்ணத்தை நீட்டி, விளிம்பைத் தொட்டுக் காட்டி, நிறைய ஊற்றுங்கள் என்று ஜாடை செய்தேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குல்நாரா விழுந்து விழுந்து சிரித்தார். இவர்தான் எங்கள் வழிகாட்டி. ஐம்பது வயது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, என் தோள் உயரம்தான் இருப்பார். உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினார்: அரைக் கிண்ணம் ஊற்றினால் இன்னும் இருங்கள், மறுபடி மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். வந்த அரை மணியில் விடைகொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அசடு வழிந்துகொண்டே பதினோரு அரைக் கிண்ணம் குடித்துப் பிராயச்சித்தம் செய்தேன்.

மறுநாள் காலை காலில் பனிக்காலணியைக் கட்டினார்கள். காலுக்கு முறம் கட்டிய மாதிரி இருக்கிறது. அடியில் இரும்புப் பற்கள். மணலில் பழகியதெல்லாம் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று மூன்றாவது அடியில் தெரிந்தது. காலை அகட்டி அகட்டி நடக்கவேண்டும். முன்னால் மட்டும்தான் போகலாம், பின்னால் நகர முடியாது. இதை குல்நாரா இரண்டு முறை சொன்னார். நான் செல்ஃபி எடுப்பதற்காக ஒரே ஒரு எட்டு பின்னால் வைத்தேன். வானம் தெரிந்தது. என்னை எழுப்பி நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

“இருபது நிமிசம்!” என்று பாய் குரல் கொடுத்தார். “விரல்!”

எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்ததும் அவர்தான். செல்வத்துக்கு குல்நாரா, எனக்கு அவர். எல்லோரும் கையுறையைக் கழற்றி விரலைத் தொட்டுக் காட்டினோம். குல்நாராவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடம் மலைக்கு ஆள் கூட்டி வருகிறேன், இவ்வளவு ஒழுங்கான ஆளைப் பார்த்ததில்லை என்றார். வழி நடத்துகிறேன் என்று கிளம்பி வந்தவன் நான். மெச்சல் எல்லாம் பாய்க்கு.

பதினொரு மணிக்குக் கூடாரம் போடும் இடத்துக்கு வந்தோம். அங்கிருந்து நீர்வீழ்ச்சி ஒன்றரை மணி நேர ஏற்றம். இங்கேதான் எங்கள் வளைகுடா மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. பாலைவனத்தில் கூடாரம் போடும்போது முளை மணலில் நிற்காது. பையில் மணலை நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுவோம். செல்வம் அரிசிப் பைகளில் பனியை அள்ளி நிரப்பிப் புதைத்தான். குல்நாரா “ஹராஷோ” என்றார். நல்லது என்று அர்த்தமாம். அந்தப் பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது என் முறை.

“டெசர்ட் கேம்ப்னா பிரியாணி இல்லாமலா?” என்றேன்.

குல்நாரா தன் கேஸ் அடுப்பைக் காட்டினார். நான் ராஜா மாதிரிக் கையசைத்து மறுத்துவிட்டேன். அடிவாரத்தில் வாங்கிய கரியைப் பனியின்மேல் கொட்டிப் பற்றவைத்து, சுற்றிலும் மூன்று கட்டையை வைத்து, பாய் ஊரிலிருந்து வரவழைத்த மசாலாவோடு பிரியாணிச் சட்டியை ஏற்றினோம். கமகமவென்று வாசனை கிளம்பியது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் சட்டி கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தது. இருபது நிமிடத்தில் மூடி மட்டும் தெரிந்தது. அப்புறம் மூடியும் தெரியவில்லை.

மணலில் நெருப்பு மூட்டிப் பழகிய மூன்று பேரில் ஒருவருக்கும், அடியில் இருப்பது உருகும் என்று தோன்றவில்லை. நெருப்பு தனக்குத்தானே கிணறு வெட்டிக்கொண்டு, எங்கள் பிரியாணியையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. இதில் பதினாறு வருடம் ஐஸோடு வாழ்ந்தவர் வேறு ஒருவர்!

“கிடங்குல யாருண்ணே அடுப்பு வச்சாங்க?” என்றார் பாய், பாவமாக.

குல்நாரா ஏதோ சொன்னார். அவர் ஆங்கிலத்தை ஒட்டவைத்துப் பார்த்தால், “அவர்கள் விளையாடி முடிக்கட்டும், பிறகு நான் சமைக்கிறேன்” என்பதாக வந்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குப்புறப் படுத்து, இரண்டு கையையும் அந்தக் குழிக்குள் விட்டு, கரைந்த தண்ணீரைத் துழாவிச் சட்டியைத் தூக்கினேன். பாதி வெந்த அரிசியும் கரித்தூளும் பனித்தண்ணீரும் சேர்ந்த ஒரு பதார்த்தம் கிடைத்தது. சாப்பிட்டும் தொலைத்தோம். இந்த அமர்க்களத்தில் ஒன்றரை மணி நேரம் போனது. என் தோல் கையுறை சொட்டச் சொட்ட நனைந்தும் போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு மேல்தான் நீர்வீழ்ச்சிக்குக் கிளம்பினோம். பாய் முன்னைவிட வேகமாக நடந்தார். அவர் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. கிடங்கிலிருந்து டூட்டி முடித்து வரும்போது கால் தேய்த்துத் தேய்த்து வருவார். இங்கே மீசையெல்லாம் வெள்ளையாகி, மூச்சு புகையாக வர, “எவ்ளோ தூரம்ணே? இன்னும் எவ்ளோ தூரம்?” என்று கேட்டுக்கொண்டே ஏறினார். ஏதோ எனக்குத் தெரியும் என்பது போல “கிட்டத்தான் பாய்” என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதல் சோதனையில் என் வலது கை கொஞ்சம் சண்டித்தனம் செய்தது. சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துத் தொட வைத்தேன். ஜேபிக்குள் இருந்த இடது கை தப்பித்தது, இரண்டாவது சோதனைக்குள் வலது கையுறை மரக்கட்டையாகிவிட்டது. கழற்றினால் மறுபடி போடமுடியாது. இதற்கிடையில் வீடியோ எடுக்க இரண்டு முறை வெறுங்கையை வெளியே நீட்டியது தனிக்கதை. “விரல்!” என்று பாய் சொன்னதும் இடது கையைக் காட்டினேன். சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு கை?” என்றார். சுற்றி ஒரு திரும்பு திரும்பி, மறுபடியும் அதே இடது கையை நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாதவன் முன்பெஞ்சுக்காரன் நோட்டைக் காட்டும் வேலை. நாற்பத்தொன்பது வயதில் செய்தேன்.

ஏன் செய்தேன்? கை சரியில்லை என்று சொன்னால் திரும்பவேண்டும். நான் திரும்பினால் ஜோடியும் திரும்பவேண்டும். பாயின் ஆசையைக் கெடுக்கக்கூடாது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மலையேறினவன் என்று வாய் கிழியப் பேசியவன், முதலில் விழுந்தவனாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

மூன்றாவது முறை பாய் கேட்கவில்லை. நேராக வந்து என் வலது கையுறையைப் பிடித்து உருவினார். விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. “தொடுங்க” என்றார். கட்டைவிரல் பாதி வழி வந்து நின்றது. எனக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லை.

“எப்பலேர்ந்துண்ணே?”

நான் கையைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தேன்.

“முந்தியே இப்படித்தானா? அப்பக் காட்டுனது எந்தக் கை?”

“இடது” என்றேன்.

பாய் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தன் ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கி, என் கையை இழுத்துத் தன் கக்கத்துக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். இரண்டு தடி ஆம்பளைகள் நட்டநடு மலையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். என் கை பட்டதும் அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. ஆனால் விடவில்லை. அவர் தோளுக்கு மேலாக குல்நாரா வழியைக் காட்டியது தெரிந்தது. அந்த வளைவு திரும்பினால் நீர்வீழ்ச்சி. இன்னும் அரை மணிகூட இல்லை.

“கலாஸ். முடிஞ்சுது. திரும்புவோம்” என்றார் பாய்.

“நீங்க போங்க பாய். நான் இங்கயே உக்காந்திருக்கேன்.”

“ஜோடியை விட்டுட்டு உள்ள போகக்கூடாதுண்ணே. பதினாறு வருசத்துல ஒருநாள் போனதில்ல.”

குல்நாராவும் வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இருட்டுவதற்குள் இறங்கவேண்டும். இறங்கினோம். உணர்ச்சி திரும்ப வந்தபோது ஒவ்வொரு விரலிலும் ஆணி அடிப்பது போல வலித்தது. அதைவிட வலித்தது, பாய் ஒருமுறை, ஒரே ஒருமுறை நின்று அந்த வளைவைத் திரும்பிப் பார்த்ததுதான். செல்வம் குல்நாராவோடு முன்னால் விறுவிறுவென்று இறங்கினான். கூடாரத்துக்கு வந்ததும், “கொல்லிமலையில இப்படித்தான் ஏறுனீங்களா?” என்று மட்டும் கேட்டான்.

“பஸ்ஸில போனேன்டா” என்றேன்.

எனக்கு அழுகை வந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாய்க்கு எது வந்தது என்று தெரியவில்லை. அவர் குல்நாரா கொடுத்த சூடான சூப்பை என் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். கிண்ணம் நிறைய இருந்தது. கிளம்பச் சொல்கிறார்களோ என்று பயந்தேன்.

மறுநாள் விடிந்ததும் குல்நாரா கணக்குச் சொன்னார். பத்தரைக்குள் நீர்வீழ்ச்சியிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டால் மாலை வண்டியைப் பிடித்துவிடலாம். என் விரல்களைத் தட்டிப் பார்த்தார். சிவந்திருந்தன, நன்றாக மடங்கின, போகலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். கூடாரத்தைப் பிரித்துக் கட்டி வைக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்றேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை, பயம். மறுபடியும் என்னால் பாய் திரும்பவேண்டி வந்துவிட்டால்?

“நீங்க வரலைன்னா நானும் வரலை” என்று பாய் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். “கூடாரத்தைத்தான் பிரிப்பீங்களோ? எங்க, பிரிங்க பாப்போம்.”

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பனி நிரப்பிய அரிசிப் பைகள் ராத்திரிக்குள் கல்லாகிவிட்டிருந்தன. செல்வம் கடப்பாரை போட்டு இடிக்கிற மாதிரி மண்வெட்டியால் இடித்துப் பார்த்துவிட்டு, “எங்க சைட்ல காங்கிரீட் இந்த ஸ்பீடுல செட் ஆச்சுன்னா எனக்கு எப்பவோ பிரமோஷன்” என்றான். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்தபின் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பாய் தன் பையிலிருந்து ஒரு ஜோடி நீலக் கையுறையை எடுத்து நீட்டினார். அஜ்மானில் நான் வேண்டாம் என்றதை எனக்காகவே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மீன் வாடை குப்பென்று அடித்தது. போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு நான் வீடியோ எடுக்கவில்லை, பின்னால் அடி வைக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. “விரல்!” என்ற ஒவ்வொரு முறையும் கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் நீட்டினேன். வளைவு வந்தது. பாய் என்னை முன்னால் போகச் சொன்னார். “நீங்கதானே நிறுத்துறேன்னு சொன்னீங்க” என்றார். அவர் கிண்டல் செய்தாரா என்று இன்றுவரை தெரியாது.

திரும்பினேன். அண்ணாந்து பார்த்தேன். ஏழெட்டு மாடி உயரத்துக்கு நீலமும் வெள்ளையுமாக ஐஸ் தொங்கியது. அதைப் பார்த்து வாயைப் பிளப்பதற்குள் சத்தம் கேட்டது. டக், டக், டக். சிவப்பும் மஞ்சளுமாகத் தொப்பி போட்ட ஐந்தாறு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டு, கையில் கோடாரி வைத்து, நீர்வீழ்ச்சியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் சில்லு சில்லாகக் கீழே கொட்டியது.

யாரும் சுரண்டாத ஐஸ் என்று சொல்லி இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறோம். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பின்னால் பாயிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்குகிறாரோ, அழுகிறாரோ என்று பதறித் திரும்பினால், மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நிற்க முடியாமல் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இங்கயும் சுரண்டுறானுவண்ணே!” என்று மூச்சு வாங்கினார். “அதுவும் பாருங்க, ரெண்டு ரெண்டு பேரா, ஜோடி போட்டுச் சுரண்டுறானுவ!”

“இது ஐஸ்ல ஏறுற வெளையாட்டாம், இதுக்குக் காசு வேற கட்டுறாங்களாம் பாய்” என்று குல்நாராவிடம் கேட்டுச் சொன்னான் செல்வம். பாய்க்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஏறி முடித்து இறங்கிய ஒரு பெண், பாயின் ஜாக்கெட்டையும் பட்டையையும் பார்த்தாள். இவரும் ஐஸ் வேலை தெரிந்தவர் என்று எப்படியோ புரிந்துகொண்டாள். குல்நாராவிடம் ஏதோ சொல்லி, சிரித்துக்கொண்டே கோடாரியை நீட்டினாள். வந்து ஒரு கை பாருங்கள் என்கிறாள் என்றார் குல்நாரா.

பாய் எழுந்தார். கோடாரியை வாங்கினார். எடை பார்த்தார். கையுறையைக் கழற்றி முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பதினாறு வருடம் கரண்டி பிடித்த கை; பிடித்த பிடியே வேறாக இருந்தது. நான் போனைக்கூட எடுக்காமல் நின்றேன். அவர் நீர்வீழ்ச்சியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு கோடாரியைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

“சொல்லுங்கண்ணே அந்தப் புள்ளைக்கிட்ட. நான் லீவுல இருக்கேன்னு.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குல்நாரா ரஷ்ய மொழியில் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மேலே தொங்கியவர்களுக்குக் கத்திச் சொன்னாள். உச்சியிலிருந்து ஒருவன் ஏதோ பதில் கத்தினான். “அவனும் லீவில்தான் இருக்கிறானாம்” என்று மொழிபெயர்த்தார் குல்நாரா.

சற்று நேரத்தில் அவர்கள் கயிற்றைக் கழற்றிக்கொண்டு டீ குடிக்க ஒதுங்கினார்கள். சத்தம் நின்றது. மலைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்து ஐஸின் ஒரு ஓரத்தில் விழுந்தது. பாய் ஜாக்கெட் ஜேபிக்குள் கையை விட்டுக்கொண்டு அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். போட்டோ எடுக்கச் சொல்லவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் ஆனது. “விரல்” என்ற குரல் வரவில்லை. குல்நாரா இரண்டு முறை “தவாய்” என்றார். செல்வம் அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், “ஃபைவ் மினிட்ஸ் மேடம், ஃபைவ் மினிட்ஸ்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

நான் பாயின் பக்கத்தில் போய், “நேரமாச்சு பாய். வெளிய போகணும்” என்றேன்.

“இருங்கண்ணே” என்றார், கண்ணை எடுக்காமல். “இன்னும் கொஞ்ச நேரம்.”

நான் நீலக் கையுறையைக் கழற்றினேன். யாரும் கேட்காமலே, வலது கையின் கட்டைவிரலைச் சுண்டுவிரலுக்குக் கொண்டுபோனேன். தொட்டது. நிஜமாகவே தொட்டது. கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜோடி வராமல் நான் மட்டும் எப்படி வெளியே போவது?